திரையில் கோடு காணவில்லையா? ஆட்டோகேடை ரீஇன்ஸ்டால் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஒரு பிடிஎஃப் எடுங்கள். ஆட்டோகேட் (கணினியில் பிளான் வரையும் மென்பொருள்) திரையில் ஹாட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) காணவில்லை, வட்டம் அறுகோணமாகத் தெரிகிறது, மவுஸை நகர்த்தினால் பழைய கோடு நிழல் மாதிரி கூடவே வருகிறது, எதுவாக இருந்தாலும் சரி, கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தொடாதீர்கள், ரீஇன்ஸ்டாலும் வேண்டாம். அந்த டிராயிங்கை அப்படியே பிடிஎஃப்பாக பிளாட் (தாளில் அச்சிடுவது போன்ற வெளியீடு) எடுத்துத் திறந்து பாருங்கள்.

டிராயிங் ஃபைலுக்குள் இருப்பவை வெறும் எண்கள். இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி வரை ஒரு கோடு, இந்த மையத்தில் இவ்வளவு ஆரத்துக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். அதைப் படமாக்கித் திரையில் காட்டுவது ஆட்டோகேட், விண்டோஸ், கிராபிக்ஸ் கார்டின் டிரைவர், கார்டு என்று நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை. பிளாட் எடுக்கும்போது 2டி கோடுகள் வேறு வழியில் போகின்றன. அதனால் பிடிஎஃப்பில் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தால் உங்கள் டிராயிங் பத்திரமாக இருக்கிறது, காட்டுகிற இடத்தில்தான் கோளாறு. பிடிஎஃப்பிலும் அதே தப்பு இருந்தால் டிராயிங்குக்குள்ளேயே ஏதோ மாறியிருக்கிறது, அங்கே டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

அப்புறம் இன்னும் இரண்டு சோதனை. அதே ஃபைலை இன்னொரு சிஸ்டத்தில் திறங்கள். உங்கள் சிஸ்டத்தில் ஒரு புது ஃபைல் திறந்து ஒரு கோடு, ஒரு வட்டம், ஒரு ஹாட்ச் போட்டுப் பாருங்கள். தப்பு ஃபைலோடு போகிறதா, சிஸ்டத்தோடு இருக்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும். மொத்தமும் ஐந்து நிமிடம். இதைச் செய்யாமல் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிட்டு, அடுத்த நாள் காலையில் அதே ஃபைலைத் திறந்து அதே இடத்தில் அதே ஹாட்ச் காணாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் வேலை போனதுதான் மிச்சம்.

ஒரு குறிப்பு: கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், கமாண்ட் லைனில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். நான் சொல்வது விண்டோஸில் ஓடும் ஆட்டோகேடுக்கு. மற்ற மென்பொருள்களைப் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் வருகிறது.

ஒரே கட்டளையில் தீருகிறவை

வட்டம் உடைந்து பலகோணமாகத் தெரிந்தால் 'ரீஜென்' அடியுங்கள், ஆர், ஈ என்ற இரண்டு எழுத்துப் போதும். எண்களிலிருந்து படத்தை மறுபடி கணக்கிட்டு வரையச் சொல்வது அது. வேகத்துக்காக ஆட்டோகேட் வட்டத்தைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக வெட்டி வைத்துக்கொள்கிறது, நீங்கள் மிகக் கிட்டே ஜூம் செய்தால் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் விஷயம். அடிக்கடி இப்படி ஆனால் 'வியூரெஸ்' அடித்து, முதல் கேள்விக்கு எஸ் சொல்லிவிட்டு, வட்டத்தின் மென்மைக்கான எண்ணைப் பாருங்கள். 1 முதல் 20,000 வரை கொடுக்கலாம், இயல்பாக 1000 இருக்க வேண்டும். யாராவது எப்போதோ 100 என்று வைத்து அந்த ஃபைலை டெம்ப்ளேட்டாகச் சேமித்திருப்பார்கள், அன்றிலிருந்து அந்த ஆபீஸில் எல்லா வட்டமும் எண்கோணம். இந்த எண் டிராயிங்கிலேயே சேமிக்கப்படுவதுதான் காரணம். பிளாட்டை இது பாதிக்காது, அதனால்தான் பிடிஎஃப்பில் வட்டம் வட்டமாகவே வரும்.

ஜூம் செய்துகொண்டே போகும்போது ஒரு கட்டத்துக்கு மேல் நகர மறுத்தால் அதற்கும் ரீஜென்தான்.

ஹாட்ச் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டது, தடிமன் கொடுத்த பாலிலைன்கள் உள்ளே காலியாக வெறும் எல்லைக்கோடாக நிற்கின்றன என்றால் 'ஃபில்மோட்' 0 ஆகியிருக்கிறது. 1 ஆக்கி ரீஜென் கொடுங்கள். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நீள் செவ்வகப் பெட்டி தெரிந்தால் 'கியூடெக்ஸ்ட்மோட்' 1 ஆகியிருக்கிறது, அதை 0 ஆக்கி ரீஜென். இவை இரண்டும் பிடிஎஃப்பிலும் அப்படியேதான் வரும், முதல் சோதனையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு ஹாட்ச் மட்டும் மொத்தையாக, கறுப்பாக அடைத்துக்கொண்டு தெரிந்தால் அதன் ஸ்கேல் மிகச் சிறியது. ஒன்றுமே தெரியாவிட்டால் ஸ்கேல் மிகப் பெரியதாக இருக்கலாம், உங்கள் அறை அந்தப் பேட்டர்னின் இரண்டு கோடுகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும்.

கோட்டின் தடிமன் திரையில் தெரியவில்லை என்று பதறுகிறவர்கள் நிறைய. 'எல்டபிள்யூடிஸ்ப்ளே' 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டேட்டஸ் பாரிலும் அதற்கு ஒரு பட்டன் உண்டு. நான் வரையும்போது அதை அணைத்தே வைத்திருப்பேன், தடித்த கோடுகள் நடுவே ஸ்னாப் (கோட்டின் முனை, மையம் போன்ற புள்ளி) பிடிப்பது கண்ணுக்குக் கஷ்டம்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. கோட்டைக் கிளிக் செய்தால் தேர்வாகிறது, டிலீட் அடித்தால் அழிகிறது, ஆனால் தேர்வான அடையாளமே திரையில் தெரிவதில்லை. இது கார்டின் தவறு கிடையாது. 'ஹைலைட்' என்ற மாறி 0 ஆகியிருக்கும். ஆட்டோகேடுக்கென எழுதப்படும் சில லிஸ்ப் நிரல்கள் ஓடும்போது வேகத்துக்காக இதை அணைத்துவிட்டு முடிவில் திரும்பப் போடும், நடுவில் நீங்கள் எஸ்கேப் அடித்தாலோ நிரல் பிழையில் நின்றாலோ அப்படியே அணைந்து கிடக்கும். 1 கொடுத்தால் சரி. இதே மாதிரி 'ஃபைல்டயா' 0 ஆகிவிட்டால் ஓப்பன் கொடுத்தும் பெட்டி வராது, கமாண்ட் லைனில் ஃபைல் பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அதற்கும் 1.

குறிப்பிட்ட சில பொருள்கள் மட்டும் இல்லை, லேயரும் ஆனில்தான் இருக்கிறது என்றால் யாராவது ஐசொலேட் (தேர்ந்தெடுத்தவை தவிர மற்றதை மறைப்பது) செய்திருக்கலாம். 'அன்ஐசொலேட்ஆப்ஜெக்ட்ஸ்' அடியுங்கள். லேஅவுட்டில் (அச்சுத் தாள் பக்கம்) மட்டும் காணவில்லை, மாடலில் (வரையும் இடம்) இருக்கிறது என்றால் அந்த வியூபோர்ட்டில் (தாளில் மாடலைக் காட்டும் ஜன்னல்) மட்டும் லேயரை ஃப்ரீஸ் செய்திருக்கிறார்கள், லேயர் பட்டியலில் அதற்குத் தனிக் காலம் இருக்கிறது, அங்கே பாருங்கள்.

ஒரு லேஅவுட்டில் நிறைய வியூபோர்ட் போட்டு, கடைசியில் போட்ட சில மட்டும் வெறுமையாக இருந்தால், எண்ணிப் பாருங்கள். ஒரே நேரத்தில் திரையில் உயிரோடு காட்டும் வியூபோர்ட்டுகளின் எண்ணிக்கைக்கு 'மேக்ஸ்ஆக்ட்விபி' என்ற மாறி உச்சவரம்பு வைக்கிறது, அது அதிகபட்சம் 64. அதற்கு மேல் உள்ளவை திரையில் காலியாக இருக்கும், பிளாட்டில் மட்டும் ஒழுங்காக வரும். கதவு, ஜன்னல், பீம், ஃபூட்டிங் என்று விவரப் படங்களை எல்லாம் ஒரே தாளில் அடுக்குகிறவர்களுக்கு இது கட்டாயம் ஒருநாள் வரும். தாளை இரண்டாகப் பிரித்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

சர்வே டிராயிங்கில் கோடு நடுங்குகிறதா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராபிக்ஸ் கார்டின் மேல் பழி போடப்படும் கோளாறுகளில் பெரும்பகுதி எனக்குத் தெரிந்து இந்த வகைதான். அறிகுறிகள் இப்படி இருக்கும்: ஜூம் செய்தால் நேர்கோடு படிக்கட்டு மாதிரி உடைகிறது, பேன் செய்யும்போது கோடுகள் துள்ளுகின்றன, ஹாட்ச் கோணல் மாணலாக விழுகிறது, அல்லது எல்லை மூடியே இருந்தும் ஹாட்ச் பிடிக்க மறுக்கிறது, கர்சர் ஒரு இடத்தில், ஸ்னாப் இன்னொரு இடத்தில். ஸ்டேட்டஸ் பாரில் கர்சரின் ஆயத்தொலைவைப் பாருங்கள். ஏழு, எட்டு, பத்து இலக்கத்தில் எண்கள் ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது.

டிஜிபிஎஸ், டோட்டல் ஸ்டேஷன் போன்ற அளவைக் கருவி வைத்து எடுத்த சர்வே பல நேரம் யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) ஆயத்தொலைவில் வரும். சென்னைப் பக்கம் என்றால் 44-ஆம் மண்டலம், கிழக்கு 4 லட்சம் மீட்டருக்கு மேல், வடக்கு 14 லட்சம் மீட்டருக்கு மேல். கட்டட பிளான் போடுகிறவர் மில்லிமீட்டரில் வரைகிறார், அதனால் சர்வேயை 1000 மடங்கு பெருக்கிக் கொண்டுவருகிறார். இப்போது வடக்கு ஆயத்தொலைவு 140 கோடியைத் தாண்டிவிட்டது.

ஆட்டோகேட் ஃபைலுக்குள் எண்களை 64 பிட்டில் வைத்திருக்கிறது, அங்கே இந்த எண்ணெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கிராபிக்ஸ் கார்டு வழக்கமாக வேலை செய்வது 32 பிட் எண்களில். அதில் எண்ணின் இலக்கங்களுக்கு ஒதுக்கப்பட்டது 24 பிட், நம் கணக்கில் சுமார் ஏழு இலக்கம். 107 கோடிக்கும் 214 கோடிக்கும் நடுவே அந்த 32 பிட் எண்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 128. அதாவது உங்கள் மில்லிமீட்டர் டிராயிங்கில் 128 மில்லிமீட்டருக்கு ஒரு படி. நாம் போடும் ஒன்பது இஞ்ச் சுவர் 230 மில்லிமீட்டர், நாலரை இஞ்ச் சுவர் 115. நாலரை இஞ்ச் சுவரின் இரண்டு பக்கக் கோடுகளும் ஒரே படியில் போய் விழலாம், சுவரே ஒற்றைக் கோடாகிவிடும். மென்பொருள்கள் இதைச் சமாளிக்க அருகில் ஒரு தற்காலிக மூலப்புள்ளி வைத்துக் கழித்துக் காட்டுவது போன்ற வேலைகளைச் செய்கின்றன, அதனால் எப்போதும் இவ்வளவு மோசமாகத் தெரியாது, ஆனால் எல்லா இடத்திலும் அது எட்டுவதில்லை. மீட்டரிலேயே வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாது, 14 லட்சத்தில் படி எட்டில் ஒரு பங்கு மீட்டர், அதாவது 12.5 சென்டிமீட்டர்.

தீர்வு, டிராயிங்கை மூலப்புள்ளிக்கு அருகே கொண்டுவருவது. யூசிஎஸ்ஸை (நாமே வைத்துக்கொள்ளும் ஆயத்தொலைவு அமைப்பு) மட்டும் மாற்றினால் போதாது, உள்ளே உலக ஆயத்தொலைவு அப்படியேதான் இருக்கும்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். சர்வே ஃபைலை ஒரு நகல் எடுங்கள், அசலைத் தொடவே கூடாது. எல்லா லேயரையும் ஆன் செய்து, ஃப்ரீஸ் எடுத்து, லாக்கும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறைந்திருப்பவை அங்கேயே தங்கிவிடும். 'ஐடி' கட்டளை கொடுத்து காம்பவுண்டின் ஒரு மூலையைக் கிளிக் செய்யுங்கள். கிழக்கு 421356.218, வடக்கு 1446087.540 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பக்கத்தில் ஒரு முழு எண்ணை எடுங்கள்: 421000,1446000. இப்போது எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'மூவ்', பேஸ் பாயிண்ட் 421000,1446000, இரண்டாவது புள்ளி 0,0. மூலை இப்போது 356.218, 87.540 என்ற இடத்தில் நிற்கும், ஐடி கொடுத்துச் சரிபாருங்கள். நகர்த்திய அளவை டிராயிங்குக்குள்ளேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் திறப்பார். அதன் பிறகு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 0,0-வை மையமாக வைத்து 1000 மடங்கு 'ஸ்கேல்'. வரிசை முக்கியம், முதலில் நகர்த்தல், பிறகு பெருக்கல். சர்வேயருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது தலைகீழாக: முதலில் 0.001 ஸ்கேல், பிறகு 0,0-விலிருந்து 421000,1446000-க்கு மூவ். ஆயத்தொலைவு எழுத்துகள் வெறும் டெக்ஸ்ட்டாக இருந்தால் அப்படியே இருக்கும், ஃபீல்டாகச் செருகியிருந்தால் நகர்த்தியதும் எண்கள் மாறிவிடும், அதையும் கவனியுங்கள்.

நகர்த்தவே முடியாத டிராயிங் என்றால், ரோடு, பைப்லைன் வேலை மாதிரி, ஹாட்ச்சுக்கு மட்டுமாவது ஒரு வழி உண்டு. 'எச்பிஆரிஜின்' மூலம் ஹாட்ச்சின் தொடக்கப் புள்ளியை அந்தப் பரப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கோணல் பெரும்பாலும் போய்விடும்.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். மவுஸ் சக்கரத்தை இரண்டு முறை அழுத்தி ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால் மொத்த பிளானும் ஒரு புள்ளியாகச் சுருங்கி மூலையில் போய் உட்காரும். எங்கோ கிலோமீட்டர் கணக்கில் தள்ளி ஒரு சிறு கோடோ காலி டெக்ஸ்ட்டோ கிடக்கிறது. சர்வே ஆயத்தொலைவில் உள்ள பிளானும் 0,0-வில் ஒட்டிய டைட்டில் பிளாக்கும் ஒரே ஃபைலில் இருந்தாலும் இதேதான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஷிப்டைப் பிடித்துக்கொண்டு உங்கள் பிளானை மட்டும் விண்டோ போட்டு விலக்குங்கள், மீதியாகத் தேர்வில் நிற்பதுதான் திருடன், ப்ராப்பர்டீஸில் பார்த்துவிட்டு அழியுங்கள். நேரமில்லை என்றால் நல்ல பகுதியை மட்டும் 'டபிள்யூபிளாக்' கொடுத்துப் புது ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளானில் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்கு, 3டியில் சுழற்றினால் பொருள்கள் பாதியாக வெட்டுப்பட்டு மறைகின்றன என்றால் சில கோடுகளின் இசட் மதிப்பைப் பாருங்கள். பிற மென்பொருளிலிருந்து வந்த டிராயிங்குகளில் ஏதாவது ஒரு கோடு வானத்தில் நின்றுகொண்டிருக்கும். 2டி டிராயிங் மட்டும் என்றால் எக்ஸ்பிரஸ் டூல்ஸில் உள்ள 'ஃப்ளாட்டன்' எல்லாவற்றையும் தரைக்கு இறக்கிவிடும். 3டி மாடலில் அதைச் செய்துவிடாதீர்கள், மாடல் நசுங்கிவிடும்.

இப்போது கார்டுக்கு வருவோம்

பிடிஎஃப் நன்றாக வருகிறது, புது ஃபைலிலும் திரை தப்பாக இருக்கிறது, மற்ற சிஸ்டத்தில் ஒழுங்கு. இனி கார்டைச் சந்தேகிக்கலாம். 'கிராபிக்ஸ்கான்ஃபிக்' அடியுங்கள், ஆப்ஷன்ஸில் சிஸ்டம் டேபிலும் கிராபிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்று இதே பெட்டி இருக்கிறது. ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை (வரையும் வேலையைக் கார்டிடம் விடும் அமைப்பு) அணைத்துவிட்டு, தப்பு வந்த அதே வேலையை மறுபடி செய்யுங்கள். தப்பு போய்விட்டால் கார்டு அல்லது அதன் டிரைவர். போகவில்லை என்றால் கார்டு நிரபராதி, ஆட்டோகேடின் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் ஃபோல்டருக்குள் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட் இருக்கிறது, அது கேட்கும்போது பேக்கப் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரீஇன்ஸ்டால் செய்து கிடைக்கும் பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும்.

ஆட்டோகேட் திறக்கும்போதே மூடிக்கொள்கிறது, கட்டளை அடிக்கவே வாய்ப்பில்லை என்றால், டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்டீஸில் டார்கெட் வரியின் கடைசிக்குப் போய் ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டி 'நோஹார்ட்வேர்' என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் திறங்கள். கார்டைத் தொடாமல் திறக்கும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆக்சிலரேஷனை அணைத்தால் சரியாகிவிடுகிறது என்று அணைத்தபடியே விட்டுவிடாதீர்கள். அது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை. அணைத்து வைத்தால் வரையும் சுமை முழுக்கப் பிராசஸரின் தலையில் விழுகிறது, 2டியில் சமாளிக்கலாம், பெரிய 3டி மாடலில் ஒவ்வொரு சுழற்றலுக்கும் காத்திருக்க வேண்டிவரும். காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா கிடக்கும்.

டிரைவர் மாற்றுவதற்கு முன் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் கார்டுக்கு உரிய டிரைவரே இல்லை என்று பொருள். நேற்று வரை நன்றாக இருந்து, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கெட்டது என்றால் அதே இடத்தில் ப்ராப்பர்டீஸ், டிரைவர், ரோல் பேக். அந்த பட்டன் மங்கிக் கிடந்தால் பழைய டிரைவர் சிஸ்டத்தில் இல்லை, தளத்திலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். லேப்டாப் என்றால் முதலில் லேப்டாப் கம்பெனியின் தளம், டெஸ்க்டாப் என்றால் கார்டு கம்பெனியின் தளம். என்விடியா டிரைவரை நிறுவும்போது கஸ்டம் கொடுத்து கிளீன் இன்ஸ்டலேஷன் என்பதை டிக் செய்யுங்கள், பழையதன் மிச்சங்கள் போய்விடும். ஜிஃபோர்ஸ் கார்டுக்கு கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு வகை டிரைவர் கொடுக்கிறார்கள், நம் வேலைக்கு ஸ்டூடியோ. டிரைவரில் புதியதுதான் நல்லது என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஆட்டோடெஸ்க் சோதித்துச் சான்றளித்த கார்டு, டிரைவர் பட்டியலை வெளியிடுகிறது, உங்கள் கார்டு அதில் இருந்தால் அந்தப் பதிப்பையே போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸ் ஒன்றும் தனிக் கார்டு ஒன்றும் இரண்டும் இருக்கும். ஆட்டோகேட் எதில் ஓடுகிறது என்று தெரியாமலேயே பலர் தனிக் கார்டின் டிரைவரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ப்ராசஸஸில் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து ஜிபியு எஞ்சின் என்ற காலத்தைக் கொண்டுவாருங்கள். ஆட்டோகேடில் ஒரு 3டி மாடலை ஷிப்டும் சக்கரமும் பிடித்துச் சுழற்றியபடி அந்த வரியைப் பாருங்கள், ஜிபியு 0 என்றோ ஜிபியு 1 என்றோ வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் எந்த எண் எந்தக் கார்டு என்று எழுதியிருக்கும். இன்டெல்லில் ஓடுகிறது என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், ஆட்டோகேடின் இஎக்ஸ்இ ஃபைலைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். ஆட்டோகேடை மூடித் திறந்து மறுபடி டாஸ்க் மேனேஜரில் உறுதி செய்யுங்கள்.

டெஸ்க்டாப்பில் இன்னும் எளிய ஒன்று நடக்கும். சிபியுவின் பின்பக்கம் பாருங்கள். மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும், அது மதர்போர்டுடையது. கீழே, படுக்கைவாக்கில் தனியாக ஒரு பட்டையில் இருப்பது கார்டுடையது. மானிட்டர் ஒயர் மேலே சொருகியிருந்தால் படம் பிராசஸரில் உள்ள கிராபிக்ஸ் வழியாகத்தான் வெளியே வருகிறது. டேபிளைத் துடைக்க ஒயரைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சொருகும்போது மாறிப்போன கதை எனக்கே நடந்திருக்கிறது, ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

வேலை நடுவில் திரை மொத்தமும் உறைந்துவிட்டால் உடனே பவர் பட்டனை அழுத்தாதீர்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், ஒரு பீப் சத்தம், திரை ஒரு முறை கண் சிமிட்டி கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். ஃபைலைச் சேமிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கலாம். டிரைவர் பதில் சொல்லவில்லை, மீண்டுவிட்டது என்ற அறிவிப்பு அடிக்கடி வந்தால், கார்டு 2 நொடிக்குள் பதில் தராததால் விண்டோஸே அதை ரீசெட் செய்கிறது என்று பொருள். அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் கூட்டச் சொல்லும் யோசனை நிறையச் சுற்றுகிறது. நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன், முதலில் கார்டின் சூடு, ஃபேனில் தூசி, டிரைவர்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபீஸ் சிஸ்டத்தில் நுழைந்து வரைகிறவர்கள், அங்கே ஆக்சிலரேஷன் கிடைக்காமல் போனால் ஆச்சரியப்பட வேண்டாம், அந்த இணைப்பில் காட்சி வேறு வழியாக வருகிறது. கோளாறை நேரில் அந்த சிஸ்டத்தின் முன் உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

மற்ற மென்பொருள்கள்

3டியில் இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று மினுமினுத்து, வரிவரியாக ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு தெரிந்தால், அது எந்த மென்பொருளிலும் வரும். இரண்டும் ஒரே தளத்தில் கிடக்கின்றன, எது முன்னால் என்று கார்டால் தீர்மானிக்க முடியவில்லை. ஸ்லாபின் மேல்மட்டமும் டைல்ஸின் மேல்மட்டமும் ஒரே உயரத்தில் மாடல் செய்யப்பட்டிருக்கும். டைல்ஸை அதன் தடிமன் அளவு ஏற்றுங்கள். டிரைவர் எதுவும் செய்யாது.

3டி மாடல் மென்பொருளான சாலிட்வொர்க்ஸ், ஓப்பன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் முறையில் ஓடுகிறது. ஆட்டோகேடில் ஆக்சிலரேஷனை அணைப்பது போன்ற சோதனை அங்கே சிஸ்டம் ஆப்ஷன்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் உள்ள யூஸ் சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல். ஃபைல் எதுவும் திறந்திருந்தால் அந்த டிக் மங்கிக் கிடக்கும், எல்லா ஃபைலையும் மூடிவிட்டு வாருங்கள். உங்கள் கட்டுப்பாடு இல்லாமல் அது ஏற்கெனவே டிக் ஆகி மாற்ற முடியாமல் நின்றால், மென்பொருள் உங்கள் கார்டை ஏற்கவில்லை என்று பொருள். ஃப்ரீகேடில் இதே மாதிரி ப்ரிஃபரன்சஸில் டிஸ்ப்ளே பகுதியில் சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல் உண்டு. வளைந்த பரப்பு முகம் முகமாகத் தெரிந்தால் அங்கே ஷேப் வியூவில் டீவியேஷன் மதிப்பைக் குறையுங்கள், எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு மென்மை, அவ்வளவு மந்தம்.

தமிழ் எழுத்து குப்பையாகத் தெரிந்தால்

நம் ஊர் டிராயிங்குகளில் மட்டும் வரும் ஒன்று. பாமினி ஃபான்டில் எழுதிய குறிப்புகள் இன்னொரு சிஸ்டத்தில் ஆங்கில எழுத்துக் கலவையாகத் தெரியும். பாமினி யூனிகோட் ஃபான்ட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஃபான்ட், அது இல்லாத சிஸ்டத்தில் அடியில் உள்ள ஆங்கில எழுத்துதான் வெளியே வரும். டெக்ஸ்ட் ஸ்டைலைத் தொடாமல் ஃபான்டை நிறுவி ஆட்டோகேடை மூடித் திறங்கள். கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் கதை வேறு: எழுத்து யூனிகோட், ஆனால் ஸ்டைலில் ஆட்டோகேடின் சொந்த எஸ்எச்எக்ஸ் வகை ஃபான்ட் இருக்கிறது. ஸ்டைலை லதா அல்லது நிர்மலா மாதிரி ஒரு ட்ரூடைப் ஃபான்டுக்கு மாற்றுங்கள். டிராயிங்கை வெளியே அனுப்பும்போது 'ஈடிரான்ஸ்மிட்' கொடுத்து ஃபான்டையும் சேர் என்பதை டிக் செய்துவிட்டால் வாங்குகிறவர் அதை நிறுவிக்கொள்ளலாம், இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவுக்கும் மசியவில்லை, வேறு யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், கிராபிக்ஸ்கான்ஃபிக் பெட்டியில் தெரியும் கார்டின் பெயர், டிரைவர் பதிப்பு, ஆட்டோகேட் பதிப்பு, பிடிஎஃப் எப்படி வந்தது, ஆக்சிலரேஷனை அணைத்தால் என்ன ஆனது, இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு செல்போனில் எடுத்த ஒரு படமும் சேருங்கள். தப்பு ஸ்கிரீன்ஷாட்டில் வராமல் போன் படத்தில் மட்டும் வந்தால் மானிட்டரையும் ஒயரையும் மாற்றிப் பாருங்கள். எல்லாம் நன்றாக ஓடுகிற நாளில், அப்போது இருக்கும் டிரைவரின் நிறுவல் ஃபைலைத் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்துவிடுங்கள், ரோல் பேக் மங்கிக் கிடக்கிற நாளில் அதைத்தான் தேடுவீர்கள்.